எலுமிச்சையோடு கொடுத்தனுப்பிய சிப்பி

நேப்பிள்ஸ் துறைமுகத்திலிருந்து மேலே ஏறும் சந்தில் நுன்சியாவின் சிப்பிக் கடை இருந்தது. அப்பா காலத்துப் பலகை, அப்பா காலத்து வாளிகள். ஓட்டின் விளிம்பு கீறிக் கீறி அவள் உள்ளங்கை தழும்பேறிப் போயிருந்தது.

ஊரில் காலரா வந்த வருஷம் அவள் சின்னப் பிள்ளை. சிப்பியால்தான் வந்தது என்று பேச்சுக் கிளம்பியதும், அப்பா கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எல்லோரும் பார்க்கப் பச்சைச் சிப்பியைத் தின்று காட்டினார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் சந்துக்காரர்கள் வெகுகாலம் எதிர்ச்சுவரை ஒட்டியே நடந்தார்கள். அந்த நடையை நுன்சியா மறக்கவேயில்லை.

கல்யாணமான பிறகும் கடை அவளுடையதுதான். சரக்குக் கொண்டுவருவது மட்டும் கணவன் செரஃபீனோ.

மகனுக்கும் கல்யாணமான பிறகு ஒரு வருஷம், ஈஸ்டருக்கு முன்னால் வரும் பெரிய வியாழனுக்கு முந்தின நாள் முழுக்கக் கடல் கொந்தளித்தது. படகு எதுவும் போகவில்லை. வியாழன் இரவு சிப்பிச் சாறு கொதிக்காத வீடு அந்தச் சந்தில் கிடையாது. என்ன செய்யப்போகிறோம் என்று அவள் கலங்கிக்கொண்டிருக்க, விடிந்ததும் செரஃபீனோ நனைந்த சாக்குகளை இறக்கினான். ஓடுகள் பளபளவென்று, வாய் இறுக மூடியிருந்தன.

"எங்கய்யா கிடைச்சுது?"

"விக்கிறத பாருடி. போலீஸ்காரன் மாதிரி கேள்வி கேக்காத."

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. அவளும் கேட்காமல் விட்டாள்.

மருமகள் தித்தீனா மாடியிலிருந்து இறங்கி வந்து வாளி ஓரம் நின்றாள். ஏழு மாத வயிறு.

"அத்தை, சாறு வரைக்கும் பொறுக்க முடியாது. எலுமிச்சை புழிஞ்சு பச்சையாவே தின்னணும் போல இருக்கு."

"வயித்துல இருக்கிறது உன் மாமனாரைப் போல வருது. அவருக்கும் பொறுமை கிடையாது" என்றாள் வாடிக்கைக்காரி ரஃபிலீனா. எல்லோரும் சிரித்தார்கள். நுன்சியாவும் சிரித்துக்கொண்டே, நல்லதாகப் பொறுக்கி ஒரு பை நிறையப் போட்டு, மேலே இரண்டு எலுமிச்சம்பழம் வைத்துக் கொடுத்தாள்.

"கோயில்லயெல்லாம் கூட்டமா இருக்கும். நீ வீட்டிலேயே இருந்து சாப்பிடு, தாயி."

சாயங்காலம் சந்து காலியானது. சனங்கள் கோயில் கோயிலாக வியாழன் இரவுக்கு அலங்கரித்த பீடம் பார்க்கப் போயிருந்தார்கள். அடுப்புகளின் மேல் சட்டிகள் காத்திருந்தன. மிளகாய் எண்ணெய் வாசம் படிக்கட்டெல்லாம் நின்றது. நுன்சியா தன் வீட்டுக்கென்று எடுத்துவைத்த சிப்பியைக் கழுவ உட்கார்ந்தாள். ஓட்டு வாயில் தொங்கும் நாரைப் பிடுங்கும்போது விரல் பிசுபிசுத்தது. முகர்ந்து பார்த்தாள். தார். கழுவிய தண்ணீரின் மேல் எண்ணெய் மினுமினுத்தது.

சிப்பி வளர்க்கும் இடத்தில் தார் கிடையாது. படகுத்துறைச் சுவரில்தான் உண்டு. ஊர்ச் சாக்கடை வந்து விழுவதும் அங்கேதான்.

செரஃபீனோ ரொட்டியை வாட்டிக்கொண்டிருந்தான்.

"இது எந்தச் சரக்கு? உண்மையச் சொல்லு."

"திங்கக்கிழமைச் சரக்கு. வாயைப் பொளந்துகிட்டுக் கிடந்துச்சு. ராத்திரி துறையில கயித்துல கட்டித் தொங்கவிட்டேன். தண்ணி பட்டதும் உயிர் வந்துடுச்சு."

"சாக்கடை வாயிலயா?"

"கத்தாதடி. கொதிக்க வெச்சா கிருமியெல்லாம் செத்துரும். உங்கப்பா பச்சையாவே தின்னாரு, செத்தா போயிட்டாரு?"

அவள் கையிலிருந்த கத்தி பாத்திரத்தில் விழுந்தது. கொதிக்க வைத்தால். காலையில் தன் கையாலேயே எடுத்து வைத்த அந்த இரண்டு எலுமிச்சம்பழம் மட்டுமே கண்ணில் நின்றது.

மாடிப்படிகளை ஓடி ஏறினாள். கதவு திறந்துதான் இருந்தது. தித்தீனா ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் தட்டு. தட்டு நிறைய வெறும் ஓடுகள். பிழிந்த எலுமிச்சை மூடிகள் தரையில் கிடந்தன.

"ஒண்ணு கூட மிச்சம் வெக்கல அத்தை. கோபமா?"

நுன்சியா தட்டை அவள் மடியிலிருந்து எடுத்தாள். கீழே, சந்து முனையில், கோயிலிலிருந்து திரும்புகிறவர்களின் செருப்புகள் கல்லில் தேயும் ஓசை வந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் வீட்டுக்கு வீடு அடுப்பு மூட்டுவார்கள். அவர்களிலும் எலுமிச்சை பிழிந்து பச்சையாகவே தின்கிறவர்கள் உண்டு.

ஜன்னலுக்குப் போனாள். தினமும் சிப்பி கூவி விற்கும் அதே குரலில் கத்தினாள்.

"எங்கிட்ட வாங்கினத யாரும் தின்னாதீங்க! கொட்டிடுங்க! சாக்கடைத் தண்ணியில கிடந்த சரக்கு!"

செருப்போசை நின்றது. கீழே வாசலில் செரஃபீனோ தலையில் கை வைத்துக்கொண்டு அவளை அண்ணாந்து பார்த்தான். யாரோ முதலில் எதிர்ச்சுவர்ப் பக்கம் ஒதுங்கினார்கள். பிறகு எல்லோரும் ஒதுங்கினார்கள்.

"டாக்டரைக் கூட்டிட்டு வாய்யா!" என்று அவனைப் பார்த்து அலறினாள். அவன் ஓடினான்.

அவள் திரும்பி வந்து மருமகளின் நெற்றியைத் தொட்டாள். சூடில்லை. இன்னும் இல்லை.

"என்னாச்சு அத்தை? ஏன் அழுவுறீங்க?" என்ற தித்தீனா உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டாள். "கொஞ்சம் தண்ணி குடுங்க. சிப்பி தின்னதுலேர்ந்து தாகமாவே இருக்கு."