பதினெட்டுப் பாகத்துக் கதைகள்

சிலிண்டருக்குள் காற்று அடைத்துக் கொடுப்பதுதான் என் தொழில். காற்று வாங்க வருகிறவர்கள் கதையை இலவசமாகத் தந்துவிட்டுப் போவார்கள். மன்னார்ப் பக்கத்து அரிப்புக் கடலில் சங்கும் கடலட்டையும் எடுக்க இறங்குகிறவர்கள் முதுகில் கட்டிக்கொண்டு போகிற சிலிண்டர்கள் அவை. ஆழத்தை நாங்கள் பாகத்தில் சொல்லுவோம்: இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். சிலருக்குக் கை விரியும்போது வாயும் சேர்ந்து விரியும். உங்கள் கடைக்கும் வேலை பார்க்கிற கந்தோருக்கும் இப்படிப்பட்டவர்கள் வராமலா இருக்கிறார்கள்? அப்படியானால் நீங்கள் நம்மாள், கதிரையை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.

மீனுக்குச் சொந்தக்காரன்

பிலேந்திரனுக்கு முப்பது வயதிருக்கும். நல்ல பிள்ளை, கேட்டால் எந்த உதவிக்கும் வருவான். ஆனால் வாயைத் திறந்தால் பதினெட்டுப் பாகம்தான். அதற்குக் குறைந்த ஆழமெல்லாம் அவனுக்குக் கடலே இல்லை.

ஒருநாள் பதினெட்டுப் பாகத்தில் முக்கால் மணி நேரம் நின்று வந்ததாகச் சொல்லிச் சிலிண்டரை இறக்கினான். அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்தேன். பாதிக்கு மேல் காற்று அப்படியே இருந்தது. ஆழம் கூடக்கூடக் காற்று வேகமாகத் தீரும். அவன் சொன்னது உண்மையென்றால் சிலிண்டர் எப்போதோ காலியாகியிருக்க வேண்டும். நான் சிரித்தேன். அங்கே நின்ற நாலு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அவன் முகம் கொஞ்சமும் மாறாமல் சொன்னான்: "நான் மீன் மாதிரி அண்ணே, கொஞ்சமாத்தான் மூச்சு எடுப்பன்."

பத்து வருட அனுபவம்

முருங்கன் பக்கத்திலிருந்து ஒருவர் வேலை தேடி வந்தார். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். பத்து வருடமாகச் சங்கு எடுத்த அனுபவம் என்று படகுக்காரரிடம் சொல்லியிருந்தார். மறுநாள் காலை, நீந்துவதற்குக் காலில் மாட்டுகிற றப்பர் செட்டைகளைக் கரையிலேயே மாட்டிக்கொண்டு மணலில் நடந்து வந்தார். அதைத் தண்ணீரில் இறங்குகிற நேரம் படகில் வைத்துத்தான் மாட்டுவது. மூன்றாவது அடியில் குப்புற விழுந்தார். தூக்கிவிட்டு, ஏன் ஐயா இந்த வேலை என்று மெதுவாகக் கேட்டேன். மணலைத் தட்டிக்கொண்டே அவர் திருப்பிக் கேட்டார்: "வயல்ல கூலி வேலை செஞ்சவன்னு சொன்னா, யாருங்கண்ணே படகுல ஏத்துவாங்க?"

என் பங்கு

மற்றவர்களைச் சொல்லிவிட்டு நான் நழுவினால் பாவம் பிடிக்கும். மன்னாரில் ஒரு கலியாண வீட்டில், பக்கத்திலிருந்தவர் என் தொழில் என்னவென்று கேட்டார். காற்று அடிக்கிறேன் என்றால் சைக்கிள் கடை என்று நினைப்பார். ஆகவே கடலுக்கடியில் ஆட்களின் உயிரைக் காக்கிற வேலை என்றேன். அவர் எழுந்து நின்று கைகொடுத்தார். சுகமாக இருந்தது, ஏன் மறைக்கவேணும். அந்தச் சுகம் முடியமுதல் என் மனைவி றோல்ஸ் பலகாரத் தட்டை அவரிடம் நீட்டியபடி என்னைப் பார்த்தாள்: "கால் நனைஞ்சாலே தடிமன் பிடிச்சுத் தும்முற ஆள் எண்டதையும் சொல்லுங்கோவன்."

கால் விறைத்த நாள்

போன மாசியில் ஒரு நடுப்பகல், பிலேந்திரனை அவன் மச்சானும் இன்னொருவரும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பதினெட்டுப் பாகத்திலிருந்து நேரே மேலே ஏறிவிட்டானாம், இடது கால் விறைத்துவிட்டதாம். ஆழத்திலிருந்து அவசரமாக ஏறினால் இரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டி ஆளை முடக்கிவிடும். அப்படி முடங்கியவர்கள் எங்கள் கரையில் இருக்கிறார்கள். முள்ளைப் பார்த்தேன். கூடவே கொண்டுவந்த சிலிண்டர் காலி. அதனால் நம்பினேன்.

இதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு வைத்தியம் உண்டு. முடங்கியவனுக்குப் புதுச் சிலிண்டர் கட்டி, அவன் நின்ற அதே ஆழத்துக்குத் திரும்ப இறக்கி, மெல்ல மெல்ல மேலே கொண்டுவருவார்கள். சிலர் சுகமாகி வந்தார்கள். சிலர் உயிரோடு வரவில்லை. நான் ஆசுபத்திரி என்றேன். போய்ச் சேர்வதற்குள் கால் போய்விடும், தங்கச்சிக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று மச்சான் அழுதான். நான் காற்றடிக்கும் அறையைப் பூட்டித் திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டேன். மச்சான் படகுக்கு ஓடி, நிரம்பியிருந்த ஒரு சிலிண்டரைத் தூக்கிவந்து பிலேந்திரனின் முதுகில் கட்டத் தொடங்கினான்.

வார் இறுகியதும் பிலேந்திரனுக்கு வியர்த்துக் கொட்டியது. மச்சானைத் தள்ளிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் அன்று கடலடிக்கே போகவில்லையாம். ஒருமுறை ஆழத்தில் மூச்சுத் திணறியதிலிருந்து பயமாம். கலங்கல் தண்ணீரில் யார் கண்ணிலும் படாமல், நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி மூன்று பாகத்தில் நின்றுவிட்டு, அடியில் வெறும் சேறு என்று சொல்லிக்கொண்டு ஏறுவானாம். திரும்பும்போது படகில் சிலிண்டர்களுக்கிடையில் கால் மடங்கி ஒரு மணி நேரம் இருந்திருக்கிறான். கால் விறைத்ததும் ஆழத்தைக் கேட்டிருக்கிறார்கள். வழக்கமான எண் வாயில் வந்துவிட்டது.

ஆனாலும் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம். நரம்பு அமுங்கியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அதற்குள் அவன் கால்விரல்களை ஆட்டத் தொடங்கியிருந்தான். மச்சான் அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி போட்டுவிட்டுக் கட்டிப்பிடித்தான். ஒருவன் சொன்னது பொய் என்று தெரிந்து நான் இவ்வளவு சந்தோசப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நெஞ்சு லேசானபிறகுதான் மூன்று பாகத்தில் நின்றவனுடைய காற்று எப்படித் தீர்ந்தது என்று யோசித்தேன். கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை: "அண்டைக்கு முள்ளைப் பார்த்து எல்லாருக்கும் முன்னால சிரிச்சீங்கள் அண்ணே, அதிலயிருந்து மிச்சக் காத்தைக் கடலுக்குள்ளயே திறந்துவிட்டிட்டுத்தான் வாறனான்."

ஆழத்துக்குப் போய்க் காலை இழந்தவர்கள் சிலரை எனக்குத் தெரியும்; பொய்யனாக இருந்ததால் கால் தப்பியவன் பிலேந்திரன் ஒருவன்தான்.