கொடிக்காலுக்குள் செருப்பு கூடாது

பத்துப் பேரை வெயிலில் நடக்கவிட்டு, "அருமையா இருந்துச்சு" என்று அவர்கள் வாயாலேயே சொல்ல வைப்பதுதான் என் தொழில். மதுரையிலிருந்து பஸ்ஸில் சோழவந்தான் பக்கம் கூட்டிப்போய், வாய்க்கால் கரை, தென்னந்தோப்பு, வெற்றிலைக் கொடிக்கால், பழைய பங்களாக்கள் என்று ஒரு காலைப்பொழுது முழுக்க நடத்திக் காட்டுகிறேன். ஊர் சுற்றிக் காட்டும் வேலையில் இருக்கிற உங்களுக்குச் சொல்லவே வேண்டாம், நம் பிழைப்பு யாரோ ஒருவர் திறந்துவிடுகிற கதவில் இருக்கிறது. எனக்கு அது பேச்சியக்காவின் கொடிக்கால் படல். அக்காவுக்குக் கொடிக்கால் கோயில் மாதிரி. செருப்போடு யாரும் நுழையக் கூடாது என்ற ஒரே நிபந்தனையில்தான் உள்ளே விடுகிறார்.

அண்ணாந்து பார்த்தவர்

கம்பம் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் ஒருமுறை வந்திருந்தார். வழியெல்லாம் உரம், மருந்து, மழை என்று பேச்சு ஓயவில்லை. கொடி பார்க்க நான் மதுரைக்கு வர வேண்டுமா என்று கேலி வேறு. படலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே நுழைந்தவர் கப்சிப்பென்று ஆகிவிட்டார்.

இரண்டு பக்கமும் அகத்தி மரங்கள் ஓங்கி நிற்க, வெற்றிலைக் கொடி அவற்றைப் பிடித்துக்கொண்டு உச்சிவரை போயிருக்கும். நடுவே கணுக்கால் நனைகிற வாய்க்கால். வெளியே கொளுத்துகிற வெயில் அங்கே பச்சையாகத்தான் வந்து சேரும். எத்தனை தடவை போனாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். திராட்சைக்காரர் கழுத்து வலிக்கும்வரை மேலேயே பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க பந்தலுக்குள்ள குனிஞ்சு குனிஞ்சே பழகிப்போச்சுண்ணே. ஒரு கொடியை அண்ணாந்து பாக்குறது இப்பத்தான்."

கூட்டினாலும் போகாதது

கொடிக்காலைத் தாண்டினால் பங்களா. பர்மாவில் சம்பாதித்துத் திரும்பிய ஒருவர் கட்டியது. வாரிசுகள் எங்கெங்கோ இருக்கிறார்கள். சாவி கரீம் பாயிடம். நாங்கள் வருகிற நாளில் அவர் கோரிப்பாளையத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து, கூடத்தைக் கூட்டி, ஜன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு வாசலில் நிற்பார்.

கூடத்தின் உச்சியில் வண்ணக் கண்ணாடி. காலை வெயில் அதன் வழியே இறங்கி, தரை முழுக்கச் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாகக் கிடக்கும். சென்னையிலிருந்து வந்த ஒரு அம்மா அதைப் பார்த்துவிட்டு, எடுத்த காலை வைக்க மனமில்லாமல் அப்படியே நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் மொத்தக் கூட்டமும் நின்றது. கரீம் பாய்தான் தைரியம் சொன்னார்: "தாராளமா மிதிங்கம்மா. நானும் வர்றப்பல்லாம் கூட்டித்தான் பாக்குறேன், அது போகவே மாட்டேங்குது."

சாத்திய படல்

பிறகு வந்தது வினை. ஒரு இளைஞர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டே, ஷூவோடு கொடிக்காலுக்குள் போய்விட்டார். நான் கடைசியில் வந்துகொண்டிருந்தேன், கவனிக்கவில்லை. பேச்சியக்கா சத்தம் போடவில்லை. எல்லோரும் வெளியேறும்வரை பொறுத்திருந்து படலை இழுத்துச் சாத்திக் கயிற்றைக் கட்டினார்.

கொடிக்கால் இல்லாவிட்டால் லாரிகள் போகிற ரோட்டு வழிதான். அதில் நடந்தால் நாங்கள் பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் மாதிரி இருப்போம். அதற்கு யார் வருவார்கள்? இந்தத் தொழிலை விட்டால் எனக்கு வேறு எதுவும் தெரியாது. போய்ப் போய் நின்றதில் அக்கா ஒருவழியாக இறங்கி வந்தார்: "இந்தா பாரு தம்பி, இன்னொருக்கா ஒரு செருப்பு உள்ள வந்துச்சு, அதோட நீயும் வராத."

வேலுச்சாமி சாரின் ஷூ

அதற்கு அடுத்த நடையிலேயே வந்து சேர்ந்தார் வேலுச்சாமி சார். வாடிப்பட்டிக்காரர், ஓய்வுபெற்ற வாத்தியார். படல் வாசலில் எல்லோரும் செருப்பைக் கழற்ற, அவர் மட்டும் ஷூவோடு நின்றார். சர்க்கரையில் ஏற்கெனவே ஒரு கால்விரல் போய்விட்டதாம். வெறுங்காலோடு தரையை மிதிக்கவே கூடாது என்று டாக்டர் உத்தரவு. அவருக்காகப் பரிந்து பேசினால் பாதை போகும். பேசாவிட்டால் அவர் வந்ததே வீண்.

அவரே பிரச்சினையை முடித்து வைத்தார். "நீங்க போய்ட்டு வாங்க. எங்கப்பா இந்தப் பக்கத்துக் கொடிக்கால்லதான் கூலிக்குத் தண்ணி எறச்சாரு. நான் பஸ்ஸுக்குள்ள இருந்து பாத்ததோட சரி. இம்புட்டுக் கிட்டத்துல வந்ததே போதும்" என்று வரப்பில் உட்கார்ந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

வெற்றிலைக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த பேச்சியக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கையிலிருந்த வாழைச் சருகோடு எழுந்து வந்தார். "ஷூவ மட்டும் கழட்டுங்க சார், உறை இருக்கட்டும்" என்றார். காலுறைக்கு மேல் சருகை மெத்தென்று சுற்றினார். அதற்கு மேல் பச்சை வாழை மட்டை. சுற்றி வாழை நார் போட்டு ஒரு முடிச்சு. வெற்றிலையை எப்படிக் கட்டுவாரோ அப்படியே இரண்டு காலையும் கட்டிவிட்டார். சார் கூச்சத்தில் நெளிந்தார். "எலையே கசங்காம மதுர வரைக்கும் போய்ச் சேருது. உங்க காலு அந்தக் கடைசி வரைக்கும் போகாதா? எந்திரிங்க" என்றார் அக்கா.

வாய்க்காலை ஒட்டிய மேட்டில், என் தோளைப் பிடித்துக்கொண்டு வேலுச்சாமி சார் நடந்தார். ஒவ்வொரு அகத்தி மரத்தையும் தொட்டுவிட்டுத்தான் அடுத்ததுக்குப் போனார். அன்றைக்கு நான் சொல்ல வேண்டிய விவரம் ஒன்றையும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. மறுமுனையில் அக்கா அவரை உட்கார வைத்து நாரில் கைவைத்தபோதுதான் சார் வாயைத் திறந்தார்: "இப்பவே அவுக்கணுமாம்மா?"

அந்த வாரத்திலிருந்து, என்னோடு நடக்க வருகிற அத்தனை பேருக்கும் படல் வாசலுக்கு வந்ததும் சொல்லி வைத்தாற்போல் சர்க்கரை ஏறிவிடுகிறது.