அம்மா மாற்றி எழுதிய சீட்டுகள்

“காஞ்ச எலையத் தாள்ல ஒட்டுறதுக்கு ஒரு படிப்பா? அதுக்கு வாத்தியாரம்மா வேறயா?”

தாவரவியல் இளங்கலையில் சேர்ந்த புதிதில், செடிகளைச் செய்தித்தாள்களுக்கு இடையே வைத்து வீட்டில் அடுக்கிக்கொண்டிருந்தபோது என் பெரியப்பா கேட்டது இது. அவரைக் குறை சொல்ல முடியாது. கொடும்பாளூர்ப் பக்கம் விவசாயக் கூலிக் குடும்பம் எங்களுடையது. அதில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். மறுநாள் அவர் கேட்டதை அம்மாவிடம் சொன்னேன். “கேக்கட்டும். முதல்ல ஒழுங்கா ஒட்டு” என்றார்.

அம்மா என்று நான் எழுதுவது, சென்ற கார்த்திகையில் நம்மை விட்டுப் பிரிந்த எங்கள் பேராசிரியை அவர்களை. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அவருடைய நினைவு மலரில் பிள்ளைகள் எழுதும் பக்கம் காலியாக இருக்கக் கூடாது என்று அவருடைய தம்பி, நாங்கள் மாமா என்று அழைப்பவர், என்னிடம் அதை எழுதக் கொடுத்தார். பெற்ற தாயை நான் ஆத்தா என்றுதான் கூப்பிடுவேன். ஆகவே அம்மா என்கிற சொல் அதுவரை என்னிடம் யாருக்கும் போகாமல் இருந்தது. துறையில் எல்லா மாணவிகளும் அப்படித்தான் அழைத்தார்கள். முதல் வாரத்திலேயே நானும் அழைத்துவிட்டேன்.

அம்மா பிறந்தது அரிமளத்தில். தபால்காரராக இருந்த தந்தையாரைப் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும்போது இழந்தார். திருச்சியில் விடுதியில் தங்கி, மாலையில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டே படித்தார், தம்பியையும் படிக்கவைத்தார். நிரந்தர வேலை கிடைக்கும்வரை பல ஆண்டுகள் ஊர் ஊராகத் தற்காலிக விரிவுரையாளராகப் போனார். திருமணமான ஆறாம் ஆண்டில் கணவரையும் பறிகொடுத்தார். இவற்றில் ஒன்றையும் அவர் எங்களிடம் சொன்னதில்லை. எல்லாம் மாமா சொல்லித் தெரிந்துகொண்டவை.

நாங்கள் பார்த்த அம்மா, செடிகள் அடுக்கிய செய்தித்தாள் கட்டை இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே இறுக்கிக் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர். ஒருமுறை விராலிமலை பஸ்ஸில் நடத்துநர் அதற்கு லக்கேஜ் டிக்கெட் கேட்டார். “இது லக்கேஜ் இல்ல தம்பி. எங்க கூட வர்ற ஆளுக” என்றார் அம்மா. “அப்ப தலைக்கு ஒரு டிக்கெட் ஆகுமேங்க, எத்தன பேரு உள்ள இருக்காக?” என்று அவர் கேட்க, பஸ்ஸே சிரித்தது. எல்லாரையும்விட அதிகம் சிரித்தவர் அம்மா.

முதலாண்டு மாணவிகளின் முதல் வகுப்பில் அவர் பாடம் நடத்த மாட்டார். ஆளுக்கொரு செடியை வீட்டருகிலிருந்து கொண்டுவந்து, தங்கள் ஊரில் அதற்கு என்ன பெயர் என்று சொல்லச் சொல்வார். நாங்கள் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொள்வார். பேராசிரியர் ஒருவர் நம்மிடம் கேட்டு எழுதிக்கொள்வதை அன்றுதான் பார்த்தேன். அவரிடமே ஆராய்ச்சிக்குச் சேர வேண்டும் என்ற ஆசை எனக்குள் முளைத்தது அந்த வகுப்பில்தான்.

அப்படியே சேர்ந்தேன். கண்மாய் நிறைந்தபின் சில வாரங்களுக்கு மட்டும் தலைகாட்டும் நீர்ச்செடிகள் என் ஆய்வு. பன்னிரண்டு கண்மாய்கள். செடியைப் பதப்படுத்திக் கனத்த தாளில் ஒட்டி, மூலையில் ஒரு விவரச் சீட்டு வைக்க வேண்டும்: செடியின் பெயர், எடுத்த இடம், தேதி, சேகரித்தவர். எங்கள் ஊர்க் கண்மாயில் கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கிப் பறித்துக் கொடுப்பது ஆத்தா. அதனால் அந்தச் சீட்டுகளில் என் பெயரோடு ஆத்தாவின் பெயரையும் அம்மா எழுதச் சொன்னார். ரேஷன் கார்டை விட்டால் ஆத்தாவின் பெயர் வேறெங்கும் ஏறியது அதில்தான்.

அம்மா மறைவதற்கு முந்தின வருட ஐப்பசியில் அந்தக் கண்மாயிலிருந்து முப்பத்திரண்டு செடிகள் எடுத்தேன். நீர்ச்செடிக்கு ஈரம் அதிகம். காலையும் மாலையும் தாள் மாற்ற வேண்டும். இடையில் அண்ணன் கல்யாணம் வந்தது. ஐந்து நாள் கட்டைத் தொடவில்லை. அவிழ்த்தபோது எல்லாம் கறுத்துப் பூசணம் பிடித்திருந்தன. கண்மாயில் அதற்குள் கரை தெரியாத வெள்ளம், செடிகள் முழுகிவிட்டன. ஒரு வருடம் போனது என்று தெரிந்தது. அரிமளம் போகும் சாலையோரக் கண்மாய் ஒன்றில் அதே வகைச் செடிகளைப் பறித்தேன். எங்கள் ஊர்க் கண்மாய் என்று சீட்டு எழுதி அம்மாவிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு பாராட்டினார்.

கல்யாணத்துக்கு வர முடியாததால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மணமக்களைப் பார்க்க அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆத்தா மீன் குழம்பு வைத்திருந்தார். பரிமாறிக்கொண்டே, நான் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன் என்ற நம்பிக்கையில், எனக்காகப் பரிந்து பேசினார்.

“செடியெல்லாம் பூசணம் பூத்துப் போச்சேன்னு இவ ரெண்டு நாளாச் சோறே திங்கலங்கம்மா. நீங்களும் திட்டிராதீங்க.”

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. “திட்டலங்க. கொழம்பு இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க” என்றார்.

பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போதுதான் கேட்டார். “அந்த முப்பத்திரெண்டும் எங்கிட்டு எடுத்தது?”

சொன்னேன்.

“நீயும் நானும் போனப்புறமும் அந்தச் சீட்டு இருக்கும். அத நம்பி ஒருத்தி இந்தக் கண்மாய்க்கு வந்து தேடிட்டு நிப்பா. அதுவுங்கூடப் போகட்டும். ஒங்க ஆத்தா பேரையும் சேத்துல்ல பொய்யாக்கிட்ட.”

அழுதேன். அழுவதை அவர் தடுக்கவில்லை. மறுநாள் துறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, முப்பத்திரண்டு சீட்டுகளையும் ஈரப் பஞ்சால் நனைத்து உரித்தார். உண்மையான இடத்தைத் தம் கையாலேயே எழுதினார். சேகரித்தவர் என்ற இடத்தில் என் பெயர் மட்டும் இருந்தது. பிறகு ஒன்றே ஒன்று சொன்னார்: என் கவனக்குறைவால் எங்கள் ஊர்க் கண்மாயின் அந்த வருடச் சேகரிப்பு அழிந்தது என்று ஆய்வேட்டில் நானே ஒரு பத்தி எழுத வேண்டும். வேறு யாரிடமும் அவர் இதைப் பேசவில்லை. என்னிடம் அன்பும் குறையவில்லை. அதன்பின் இருமுறை “எழுதிட்டியா?” என்று கேட்டார். “எழுதுறேங்கம்மா” என்றேன். எழுதவில்லை.

அடுத்த ஆடியில் அம்மா படுத்தார். புற்றுநோய் முற்றியிருந்தது. பழைய மாணவிகள் முறைவைத்து மருத்துவமனையில் இருந்தோம். தேர்வு உள்ளவர்களைப் பிடிவாதமாக அனுப்பிவைத்தார். கடைசி வாரத்தில் நான் பக்கத்திலேயே இருந்தும் அந்தப் பத்தியைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று இந்த ஒரு வருடமும் நினைக்கிறேன்.

அந்நாட்களில் அம்மாவைத் தங்கள் வீட்டுப் பெரியவரைப் போல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், இரத்தம் கொடுத்த மாணவர்களுக்கும், அழைத்தபோதெல்லாம் வந்து நின்ற ஆட்டோ ஓட்டுநர் அண்ணனுக்கும், இறுதிக் காரியங்களில் மாணவிகளான எங்களையும் குடும்பத்தாரோடு நிற்கவைத்த மாமாவுக்கும் அத்தைக்கும் எங்கள் கைகூப்பிய நன்றி. ஊரிலிருந்து மூன்று பஸ் மாறி வந்து, அம்மாவின் காலடியில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்த என் ஆத்தாவுக்கும்.

அம்மா போனபின் எனக்குப் புதிய நெறியாளர் அமைந்தார். ஆய்வேட்டை இந்த ஆவணியில் கொடுத்திருக்கலாம். உடன் ஆராய்ச்சி செய்யும் தோழி நல்லெண்ணத்தில்தான் சொன்னாள்: “அம்மாவே இல்ல, இனி யாருடி கேக்கப் போறா? அந்தக் கண்மாய விட்டுட்டுப் பதினொண்ணோட முடிச்சிரு.” எங்கள் குடும்பத்தின் முதல் முனைவர் பட்டம். வீட்டில் எல்லாரும் அதற்காகக் காத்திருக்கிறார்கள். எனக்கும் ஆசை இருக்கிறது.

அந்தப் பத்தியை ஆவணியில் எழுதினேன். ஏழு வரி. புதிய நெறியாளர் ஐயாவிடம் முதலில் அதைக் கொடுத்து, நடந்ததைச் சொல்லி, ஓராண்டு நீட்டிப்புக்கான விண்ணப்பத்தில் கையெழுத்துக் கேட்டேன். இரண்டு முறை படித்துவிட்டுப் போட்டுக்கொடுத்தார். இந்த ஐப்பசி மழையில் எங்கள் ஊர்க் கண்மாய் நிறைந்தது. சென்ற வாரம் ஆத்தாவும் நானும் இறங்கி இருபத்தாறு செடிகள் எடுத்திருக்கிறோம். இன்று காலை தாள் மாற்றிவிட்டுத்தான் இந்தக் கட்டுரையை மாமாவிடம் கொடுக்கக் கிளம்பினேன்.