மாப்புக் கேட்டவனுக்கு ஒரு லோயர்

"இன்னும் ஒருக்காச் சொல்லுங்க. கடைசி மேசைக்குக் கேக்கல்ல."

என் கடையில் கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் யாராவது ஒரு மனிதரை நிறுத்திவைத்து லோயர் நிரோஜினி மிஸ் இப்படித்தான் வேலை வாங்கிக்கொண்டிருப்பார். அந்த மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு "நான் சுற்றவாளி" என்பார். குற்றம் செய்யாதவர் நீதவானுக்குச் சொல்ல வேண்டிய சொல் அது. பாதி வாய்க்குள்ளேயே நின்றுவிடும். "பயப்படாதீங்க. கரையில நிண்டு தோணிக்காரனக் கூப்பிடுற மாதிரிச் சொல்லுங்க" என்பார் மிஸ். சத்தம் எங்கள் றொட்டிக் கல் வரைக்கும் வந்த பிறகுதான் தேத்தண்ணிக்குக் கை காட்டுவார்.

கல்முனை நீதிமன்றத்துக்கு எதிரே இருக்கும் சாப்பாட்டுக் கடை என்னுடையது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்னவன் நான். கேத்தலைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்தில் தேத்தண்ணி விற்றவன், இன்று மாடி வைத்துக் கட்டியிருக்கிறேன். என் கடைப் புட்டுக்கும் சூரை மீன் ஆணத்துக்கும் பெரிய பெரிய உத்தியோகத்தர்கள் ஆள் அனுப்புவார்கள்; பொய்யென்றால் ஊரில் விசாரித்துப் பாருங்கள். கறுப்புக் கோட்டுப் போட்டு ரோட்டைக் கடந்து வருகிறவரின் நடையை வைத்தே வழக்கு வென்றதா தோற்றதா என்று சொல்லிவிடுவேன். நிரோஜினி மிஸ்ஸிடம் மட்டும் என் கெட்டித்தனம் பலிப்பதில்லை. வென்றாலும் தோற்றாலும் அவருக்கு ஒரே நடை, ஒரே அவசரம். அடுத்த ஆள் காத்திருப்பார்.

மிஸ் பெரியநீலாவணையில் கடல் தொழில் செய்கிற குடும்பத்துப் பிள்ளை. லோயர் பிடிக்க வழியில்லாதவர்களுக்காக அரசாங்கச் சம்பளத்தில் வழக்குப் பேசுகிறார். வலைச் சண்டையில் மாட்டியவர், பிள்ளைச் செலவு கேட்டு நிற்கும் பெண், குடித்துவிட்டுக் கதவை உடைத்தவர் எல்லாருக்கும் "வாங்க, இரிங்க, சாப்பிட்டீங்களா?"தான். பசித்தவர் எதற்கும் தலையாட்டிவிடுவார் என்பது மிஸ்ஸின் பயம்.

அவருடைய ஸ்கூட்டி சீற்றுக்குக் கீழே மடித்த நீலச் சேட்டு ஒன்று எப்போதும் கிடக்கும். கிழிசலோடு வருகிறவருக்கு அதைப் போட்டுத்தான் நீதிமன்றக் கூட்டில் ஏற்றுவார். ஆள் மாறும், சேட்டு மாறாது.

"மிஸ், அந்த நீலச் சேட்டு இன்னும் குத்தம் செய்றத விடல்லையா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது ஒருக்காலும் செய்யல்ல ஹாஜியார். ஒவ்வொரு முறையும் அநியாயமா மாட்டுது" என்றார், சிரிக்காமலே.

போன வருடம் அந்தச் சேட்டைப் போட்டவன் அஸ்கி. எங்கள் தெருப் பிள்ளை. நாவிதன்வெளியில் பெரிய நிலக்காரர் கந்தப்போடியாரின் வயலில் உழவு மெசின் ஓட்டினான். கட்டாருக்கு விசா வந்துவிட்டது. பொலிஸ் ரிப்போட் ஒன்றுதான் பாக்கி. அதை எடுக்க முடியாமல் ஒரு களவு வழக்கு மறித்து நின்றது. போடியாரின் தண்ணீர்ப் பம்பை எடுத்துவிட்டானாம். எடுத்ததை அவனே போடியாரிடம் ஒத்துக்கொண்டானாம்.

"மிஸ், நான் குத்தவாளியெண்டே சொல்லிர்றன். தண்டத்தக் கட்டிட்டு இண்டைக்கே முடிக்கலாமெண்டு எல்லாரும் சொல்றாங்க."

"பம்ப எடுத்தீங்களா?"

"வல்லாஹி, கையால தொடவுமில்ல."

"குத்தவாளியெண்டு பதிஞ்சா மறுகா எந்த ரிப்போட்? எந்தக் கட்டார்?"

அஸ்கி புட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தான். மிஸ் அதை மறுபடியும் அவன் முன்னால் இழுத்து வைத்தார். "சாப்பிட்டுக்கிட்டே சொல்லுங்க. போடியாருக்கிட்ட அப்படி என்னத்தக் கதைச்சீங்க?"

"மாப்புக் கேட்டன் மிஸ்."

"எடுக்காத பம்புக்கு எதுக்கு மாப்பு?"

நான் காசு மேசையிலிருந்தே விளக்கப் போனேன். "நீங்க பொறுங்க ஹாஜியார், அவர் சொல்லட்டும்" என்று மிஸ் என்னை அடக்கிவிட்டார். என்னை அடக்க கல்முனையில் வேறு ஆள் பிறக்கவில்லை.

அஸ்கி தட்டுத் தடுமாறிச் சொன்னான். எங்கள் ஆட்களிடம் உள்ள வழக்கம்தான். தூரப் பயணம் புறப்படுகிறவர் பழகியவர்களின் வீடெல்லாம் ஏறி இறங்குவார். தெரிந்தோ தெரியாமலோ செய்த பிழை இருந்தால் மன்னித்துவிடுங்கள் என்று கையைப் பிடித்துக் கேட்பார். திரும்பி வந்து காண்போமோ என்ற நினைப்பில் அழுகையும் வந்துவிடும். சோறு போட்ட மனிதர் என்று அஸ்கி போடியார் வீட்டுக்கும் போயிருக்கிறான். போடியாருக்கு இந்த வழக்கம் தெரியாது. பம்பு காணாமல் போய் அவர் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. இவன் போய்க் கையைப் பிடித்து அழ, கள்ளன் தானாகவே வந்துவிட்டான் என்று எண்ணிவிட்டார்.

"வேற எந்தெந்த வூட்டுக்குப் போனீங்க?"

"தெரு முழுக்க மிஸ். இந்த ஹாஜியாருக்கிட்டயும் கேட்டன்."

மிஸ் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

வழக்கு விசாரித்த விளக்க நாளில் போடியார் முதலில் சாட்சிக் கூட்டில் ஏறினார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு. பொய் சொல்கிற முகமில்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது. மிஸ் குரலை உயர்த்தவில்லை.

"ஐயா, பம்ப எடுத்ததா அவர் தன்ட வாயால சொன்னாரா?"

"சொல்லல்ல புள்ள. கையப் புடிச்சி அழுதான். செய்யாதவன் ஏன் அழப்போறான்?"

"அவர் ஒங்கட வூட்டுல சாப்பிட்டிருக்காரா?"

"எங்கட அடுப்படி வரைக்கும் வந்து போற பொடியன்."

"அப்படிப்பட்ட வூட்ட விட்டுப் போறவர் அழமாட்டாரா, ஐயா?"

போடியார் கூட்டின் விளிம்பைப் பிடித்தபடி அஸ்கியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். பெருநாள் உடுப்போடு போயிருந்தேன். பயணம் சொல்ல வந்த அஸ்கி உங்களிடமும் மன்னிப்புக் கேட்டாரா என்றார் மிஸ். கேட்டான் என்றேன். அழுதாரா என்றார். அழுதான் என்றேன்.

"அப்ப ஒங்கட கடையில என்ன களவு போனது?"

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ! "என்ட கடையிலயா? ஒரு தேக்கரண்டி அசைஞ்சாலும் எனக்குத் தெரியும்! என்ட கடையில கை வைக்க எவன் இரிக்கான்?"

மன்றம் முழுக்கச் சிரித்தது. நீதவானும் தலையைக் குனிந்துகொண்டார். மிஸ் மட்டும் சிரிக்கவில்லை. "அவ்வளவுதான், கனம் நீதவான் அவர்களே" என்று உட்கார்ந்துவிட்டார். அந்தக் கோபத்தைத்தான் மிஸ் என்னிடமிருந்து எடுத்திருக்கிறார் என்பது கூட்டை விட்டு இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

அழுததைத் தவிர வேறு சான்று எதுவும் இல்லை. அஸ்கியை விடுதலை செய்தார்கள். வெளியே வந்தவன் படியிலேயே குந்தி உம்மாவுக்குப் போன் எடுத்தான். "உம்மா, விட்டுட்டாங்க! ஓம் உம்மா, கட்டாருக்குப் போகலாம்!" என்று அவன் போட்ட சத்தத்துக்கு எந்த ஒத்திகையும் தேவைப்படவில்லை.

போடியார் நீதிமன்ற வாசல் ஓரத்தில் தனியாக நின்றார். ரோட்டைக் கடந்தால்தான் அவருக்கு பஸ். ஒரு காலை இறக்குவார், வாகனம் வர எடுத்துக்கொள்வார். நான் ரோட்டைக் கடந்து வந்தும் கடைக்குள் போகாமல் வாசலிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மிஸ் அவரிடம் போனார். ஏதோ சொன்னார். பிறகு அஸ்கியைக் கைகாட்டிக் கூப்பிட்டார். அவன் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தான். போடியார் சொந்த மகனைக் கூப்பிடுவதுபோல "மனே..." என்று தொடங்கினார். ஹோர்ன் சத்தத்தில் மிச்சம் எனக்குக் கேட்கவில்லை. மிஸ் கிழவரின் கையை எடுத்து அஸ்கியின் கைக்குள் வைத்தார். பைல் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ரோட்டின் நடுவில் போய் நின்று, பாய்ந்து வந்த அக்கரைப்பற்று பஸ்ஸுக்கு முன்னால் கறுப்புக் கோட்டுக் கையை உயர்த்தினார். அவர்கள் இருவரும் இந்தப் பக்கம் ஏறும் வரைக்கும் அவர் கையை இறக்கவில்லை.