நூருன்னிசா மாட்டிய கார்டு

என் மனைவி நூருன்னிசாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதுவதற்கே எனக்கு வயிறு எரிகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

தென்காசியில் லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் துபாயில் பதினோரு வருஷம் இதே வேலை. போன் எடுத்துப் பேச ஆள் வேண்டும் என்று போன வருஷம் நான்தான் அவளைக் கடைக்குக் கூட்டி வந்தேன்.

பழைய லேப்டாப்புகளுக்குள் வைஃபை கார்டு என்று ஒன்று உண்டு, தபால்தலை அளவில். அதில் சிக்னலை இழுக்கும் இரண்டு வயர், கறுப்பும் வெள்ளையுமாக, மாட்ட வேண்டும். வயரின் முனை மிளகைவிடச் சிறியது. நேராக வைத்து அழுத்தினால் ‘டிக்’ என்று உட்காரும். கொஞ்சம் சாய்ந்தாலும் நசுங்கிவிடும். என் விரல்கள் தடிமன். நான் மூன்று தடவை தடவுவதற்குள் “இங்கன தாங்க” என்று வாங்கி ஒரே அழுத்தில் மாட்டிவிடுவாள். கழன்றுவிடாமல் இருக்க மேலே ஒரு துண்டு டேப்பும் ஒட்டுவாள். யார் கேட்டார்கள்?

முதலில் பெருமையாகத்தான் இருந்தது. கடையத்திலிருந்தும் கீழப்பாவூரிலிருந்தும் வருகிறவர்கள் பையைத் திறக்காமலேயே “அக்கா இல்லையா?” என்று கேட்க ஆரம்பித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தருவிப் பக்கம் லாட்ஜ் நடத்தும் வல்லிநாயகம் அண்ணாச்சி முகத்துக்கு நேராகவே சொன்னார்.

“பாய், நீரு மாட்டுனா நிக்க மாட்டேங்கு. வீட்டம்மாட்ட குடும்.”

சிரித்துக்கொண்டே கொடுத்தேன். கடை போர்டில் இருப்பது என்னவோ ‘கபீர் கம்ப்யூட்டர்ஸ்’.

கார்டை மாட்டி முடித்து, தொழுதுவிட்டு வர அவள் வீட்டுக்குப் போனாள். நான் அண்ணாச்சி லேப்டாப்பின் அடிமூடியைத் திறந்தேன். டேப்பை உரித்து, இரண்டு வயரையும் நகத்தால் நெம்பிவிட்டு, டேப்பை மறுபடி ஒட்டினேன். கடையில் ரூட்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் சிக்னல் காட்டியது. அண்ணாச்சியும் நம்பி வாங்கிப் போனார்.

மறுநாளே வந்துவிட்டார். அருவிச் சீசன் கூட்டம், சனிக்கிழமை வேறு. யார் எந்த ரூமுக்குப் பதிவு செய்திருக்கிறார்கள் என்பதே நெட் கிடைக்காமல் லேப்டாப்பில் திறக்கவில்லையாம். குடும்பம் குடும்பமாக வாசலில் நிற்கிறார்கள் என்று நூருன்னிசாவிடம் சத்தம் போட்டார். கேட்க எனக்கு இனித்தது. பொய் சொல்ல மாட்டேன்.

அவள் மூடியைத் திறந்தாள். டேப் கோணலாக இருந்தது. அதன் பசையில் என் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. அதைப் பார்த்தாள், என் விரலையும் பார்த்தாள். பிறகு அண்ணாச்சியிடம், தான் சரியாக மாட்டவில்லை, மன்னிக்க வேண்டும் என்று சொல்லி, இரண்டு வயரையும் மாட்டிக் கொடுத்தாள்.

போகும்போது அவர் என்னைப் பார்த்து, “இதுக்கு நீரே பாத்திருக்கலாம் பாய்” என்றார். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இத்தனையும் செய்தேன். கேட்டபோது தலையை நிமிர்த்த முடியவில்லை.

அவர் வண்டி கிளம்பியதும் நூருன்னிசா என் முன்னால் கையை நீட்டினாள்.

“கடைச் சாவியக் குடுங்க. இனிமே நானே பூட்டுதேன், நானே தொறக்கேன்.”

சட்டைப் பையிலிருந்து எடுத்தேன். கொடுத்துவிட்டேன்.