நோர்வேச் சொல்லும் ஞானம் அண்ணையும்

வால்தம்ஸ்டோவில் ஒரு கடையின் கூரைக்குள் தலையை நுழைத்து வயர் இழுத்துக்கொண்டிருந்தபோது ஞானம் அண்ணையின் மகள் அழைத்தாள். "அங்கிள், அப்பா போயிட்டார். ஹார்ட் அட்டாக்." ஏணியிலிருந்து இறங்கி, முதல் வேலையாக மெயினை நிறுத்தினேன். அவரோடு ஆறு வருடம் வேலை செய்த கை அது. அதற்குப் பிறகுதான் அழுதேன்.

நோர்வேயில் பதினைந்து வருடம் எலக்ட்ரீசியனாக இருந்துவிட்டு லண்டன் வந்தவர். அவரை அறிந்து, இன்று நினைவுகூர வந்திருக்கும் உங்களுக்குத் தெரியும், வேலை முடிந்தாலும் மனுசன் இலேசில் கிளம்பமாட்டார். சோதனை மீட்டரை எடுத்துவைத்த பிறகும், வீட்டுக்காரரைக் கொண்டே ஒவ்வொரு சுவிட்சையும் போடவைப்பார். நான் வான் வண்டிக்குள் இருந்து ஹோர்ன் அடிப்பேன். "ஐசே, சிக்கர் எண்டு மீட்டர் சொல்லும். த்ருக் எண்டு வீட்டுக்காரர்தான் சொல்லவேணும்" என்பார். இரண்டும் நோர்வேச் சொற்கள். முதலாவது, ஆபத்தில்லை என்பது. இரண்டாவது, பயம் விட்டு மனம் ஆறியிருப்பது.

தமிழில் த்ருக் என்பதற்குச் சரியான சொல் கேட்டு என் உயிரை வாங்குவார். பாதுகாப்பு என்றால் பொலிஸ் ஞாபகம் வருகிறதாம். நிம்மதி என்றால் விருந்தாளிகள் போனபிறகு வருவதாம். சொல்லின் பூர்வீகத்தையும் தேடி வைத்திருந்தார். அந்த நாட்டுப் பழைய மொழியில் அது உணர்வைக் குறிக்கவில்லை, நம்பத்தக்க ஆளைக் குறித்தது. ஆங்கிலத்து 'ட்ரூ'வும் 'ட்ரஸ்ட்'டும் அதற்குச் சொந்தக்காரர்கள். தேநீர் நேரத்துக் கதை என்று நான் அலட்சியமாக இருந்தேன்.

எட்மண்டனில் ஒரு அக்கா. முன்பொருமுறை ஷவரில் கரண்ட் அடித்ததால், வாளியில் அள்ளித்தான் குளித்துக்கொண்டிருந்தார். தண்ணீரைச் சூடாக்கும் புது மின்சார ஷவரைப் பூட்டியது நான். அண்ணை அன்று வேறு வீட்டில். டெஸ்ட் செய்யாமலே "எல்லாம் ஓகே அக்கா" என்று பரிசோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மறுநாள் காலை, எர்த் வயரை இறுக்கினேனா என்று சந்தேகம் வந்து அண்ணையிடம் சொன்னேன். உடனே போன் எடுத்து, ஷவரைத் தொடவேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு வானைத் திருப்பினார்.

"சும்மா செக் பண்ண வந்தனாங்கள் எண்டு சொல்லுவம் அண்ணை" என்று கெஞ்சினேன்.

"நம்பவைக்கிறது வேறை, நம்பக்கூடிய ஆளாய் இருக்கிறது வேறை. நீர்தான் சொல்லவேணும்."

சொன்னேன். வயர் தளர்ந்துதான் இருந்தது. "இனி இவரை அனுப்பாதேங்கோ" என்று அக்கா அண்ணையைப் பார்த்துச் சொன்னார். வெட்கத்தில் கூனிப்போனேன். அண்ணைமேல் கோபமும் வந்தது. அதன்பிறகு அந்த வீட்டுக்கு அவரே தனியாகப் போய்வந்தார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான், என் பிழையை என் வாயால் சொல்வது. அது எவ்வளவு பெரிய சொத்து என்பது போன கிழமைதான் விளங்கியது. அண்ணை இல்லாததால் அந்த எட்மண்டன் அக்கா எனக்குப் போன் எடுத்தார். குசினியில் பிளக் ஒன்று சூடாகிறதாம்.

"வேறை ஆளை அனுப்பட்டோ அக்கா?" என்று கேட்டேன்.

"வேண்டாம் தம்பி. பிழை விட்டால் வந்து சொல்லுற ஆள் நீங்கள். நீங்களே வாங்கோ."