ஐம்பத்து மூன்றாவது வெள்ளிக்கிழமை

எங்கள் மெத்தைத் தொழிற்சாலையில் அவரை எல்லாரும் முத்திரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தைத்து முடித்த ஒவ்வொரு மெத்தையின் ஓரத்திலும் ஒரு துணிச்சீட்டு தொங்கும். எந்த வாரம் தைத்தது என்று அதில் எண் குத்துவது அவர் வேலை. இருபத்தாறு வருஷமாகக் குத்துகிறார். வலது கட்டைவிரலில் ஏறிய நீலம் எந்தச் சோப்புக்கும் மசியவில்லை.

அவருடைய அப்பா வேலை பார்த்த ஆலையை ஒருநாள் மத்தியானம் திடீரென்று மூடிவிட்டார்கள். முப்பது வருஷ உழைப்புக்கு அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தது சாப்பாட்டு டப்பாவும் அலமாரிச் சாவியும்தான். அக்காவுக்கு அப்போது பதினேழு வயது. அதனால்தான், எங்கள் கம்பெனி ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டம் கொண்டுவந்தபோது முதல் கையெழுத்து அவர் போட்டார். அதோடு விட்டாரா? சாப்பாட்டு மேஜையில் ஒவ்வொருவராகப் பிடித்து, சட்டம் அனுமதிக்கிற முழுத் தொகையையும் பிடிக்கச் சொல்லுங்கள் என்று நச்சரித்தே பதினோரு பேரைச் சேர்த்துவிட்டார். பதினோராவது ஆள் நான். பிழைக்க வந்தவன் நான், நாளைக்கே இந்த ஊரைவிட்டுக் கிளம்பச் சொன்னால் போட்ட பணம் என்ன ஆகும் என்று யோசித்து யோசித்து மூன்று மாதம் இழுத்தடித்தேன்.

"உன் பயத்துக்கும் சேர்த்துத்தான் தம்பி சேமிக்கச் சொல்றேன்" என்றார் அக்கா. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

இந்த ஜனவரியில் பன்னிரண்டு பேருக்கும் ஒரே மாதிரி உறை வந்தது. ஆங்கிலமும் படித்தவன் என்று வாசிக்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள். போன வருஷம் வரம்புக்கு மேல் பணம் போட்டிருக்கிறீர்கள், மார்ச் பதினைந்துக்குள் அந்தக் கூடுதலை வெளியே எடுக்காவிட்டால் அதற்கு இப்போது ஒரு முறை வரி, ஓய்வு பெற்று எடுக்கும்போது இன்னொரு முறை வரி என்று எழுதியிருந்தது. 

ஓரம் தைக்கும் நெட்டையம்மா சாப்பாட்டு டப்பாவை மூடினார். "முழுசாப் போடு, முழுசாப் போடுன்னு உயிரை எடுத்தீங்களே அக்கா. இப்ப முழுசா மாட்டிக்கிட்டோம்."

திட்டத்தை விட்டே விலகப் போவதாகச் சொல்லி, அன்றைக்கே படிவமும் வாங்கி வைத்துக்கொண்டார். அவர் விலகினால் மற்றவர்களும் வரிசையாகப் போய்விடுவார்கள்.  பதினோரு பேரும் அவர் சொல்லை நம்பிக் கையெழுத்துப் போட்டவர்கள். அக்கா பாதிச் சாப்பாட்டோடு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் நானும் அவரும் சம்பளப் பிரிவு அதிகாரியிடம் போனோம். நல்ல மனுஷர்தான். ஆனால் பெற்ற தாயைவிடக் கம்ப்யூட்டரை அதிகம் நம்புவார். வருஷ வரம்பை ஐம்பத்திரண்டால் வகுத்து வெள்ளிதோறும் சம்பளத்தில் பிடிக்கிறோம், கூடுவதற்கு வழியே இல்லை, நீங்கள்தான் நடுவில் எதையாவது மாற்றி எழுதிக் கொடுத்திருப்பீர்கள் என்று அனுப்பிவிட்டார்.

படிக்கட்டில் பாதி இறங்கிய அக்கா அப்படியே நின்றார்.

அவருடைய முத்திரைக் கட்டைகளில் ஐம்பத்து மூன்றாம் எண் கட்டை மட்டும் காகிதத்தில் சுற்றி டப்பாவின் அடியில் கிடக்கும். ஐந்தாறு வருஷத்துக்கு ஒரு தடவைதான் அதற்கு வேலை. டிசம்பர் கடைசியில் அதைத் தேடி எடுத்துக் குத்தியது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. போன வருஷம் ஜனவரி ஒன்றும் வெள்ளி, டிசம்பர் முப்பத்தொன்றும் வெள்ளி.

வாரத்துக்கு ஒரு துணிச்சீட்டை மாதிரியாக எடுத்து வைப்பதும் அவர் வேலையில் சேர்த்தி. அந்த வாரச் சம்பள ரசீதை அதோடு சேர்த்து ஸ்டேப்ளர் அடித்து வைப்பது மட்டும் அவருடைய சொந்தப் பழக்கம். அத்தனையையும் அள்ளிக்கொண்டு போய் அதிகாரியின் மேஜையில் வரிசையாகப் பரப்பினார். தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு அதிகாரி இடம் விட வேண்டியதாயிற்று.

"எண்ணுங்க சார்."

விரல் வைத்து எண்ணினார். ஐம்பத்திரண்டுக்குப் பிறகும் ஒன்று மிச்சமிருந்தது. பின்னாலிருந்து எண்ணிப் பார்த்தார். அப்போதும் மிச்சமிருந்தது.

"சரி விடுங்க. இந்த வருஷம் ஒரு வாரம் பிடிக்காம விட்டுடறேன். சரியாப் போயிடும்."

"போன மெத்தையில கூடுதலா விழுந்த தையல், அடுத்த மெத்தையில ஒண்ணு குறைச்சா போயிடுமா சார்?" என்றார் அக்கா. "அந்த மெத்தையைத்தான் பிரிக்கணும்."

நான் சேமிப்புத் திட்டத்தின் விதிப்புத்தகத்தை விரித்து நீட்டினேன்.  அந்த வருஷத்துக் கூடுதலை, அது ஈட்டிய வளர்ச்சியோடு சேர்த்துத் திருப்பித் தர வேண்டும், அடுத்த வருஷத்தில் கழித்துக்கொள்ளக் கூடாது. அதிகாரி இரண்டு முறை படித்தார். பன்னிரண்டு படிவம், மேலாளர் கையெழுத்து, நிதி நிறுவனத்தின் ஒப்புதல், மார்ச் பதினைந்துக்குள் முடிகிற காரியமா என்று இழுத்தார். இழுத்துக்கொண்டிருக்கும்போதே ஏதோ சந்தேகம் தட்டி, கம்ப்யூட்டரில் தன் சொந்தக் கணக்கைத் திறந்தார்.

அவரும் முழுசாகத்தான் போட்டிருந்தார். அவருக்கு வந்த உறை இழுப்பறையில் பிரிக்காமலே கிடந்தது.

பதின்மூன்றாவது படிவம் ஒன்றை எடுத்துத் தன் பெயரை நிரப்பினார். அதற்குப் பிறகு காகிதங்கள் பறந்தன. மேலாளரின் கையெழுத்து அன்று மாலைக்குள் வந்துவிட்டது.

பிப்ரவரி கடைசி வாரம் எல்லாருக்கும் பணம் திரும்பியது. ஒரே ஒரு முறை வரி, அவ்வளவுதான். அக்கா முதலில் பார்த்தது வளர்ச்சித் தொகையை. இரண்டு தேநீருக்குக் காணும். "பணம் நம்மளுதுன்னா, அது போட்ட குட்டியும் நம்மளுதுதானே" என்று திருப்தியாகச் சீட்டை மடித்து வைத்துக்கொண்டார். வெள்ளி ஐம்பத்து மூன்று வரும் வருஷத்தில் ஐம்பத்து மூன்றால்தான் வகுக்க வேண்டும் என்று சம்பளப் பிரிவுச் சுவரில் இப்போது பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது. எழுதி ஒட்டியவர் அந்த அதிகாரியேதான்.

பணம் வந்த அன்று நெட்டையம்மா தன் விலகல் படிவத்தோடு முத்திரை மேஜைக்கு வந்தார். எல்லாக் கட்டமும் நிரப்பியிருந்தது. தையல் இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"இதுல ஐம்பத்து மூணு குத்துங்க அக்கா" என்றார். "கிழிக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை கண்ணால பார்க்கணும்."

அக்கா அழுத்திக் குத்தினார். நெட்டையம்மா அதை நாலாகக் கிழித்துப் பஞ்சுக் குப்பையில் போட்டார். கூடம் முழுக்கச் சிரிப்பு.

அந்தக் கட்டையை அக்கா மறுபடி காகிதத்தில் சுற்றவில்லை. மேஜையில் முதல் வரிசையில், கைக்கெட்டும் இடத்தில் நிற்கிறது.